டிராகன் பறக்கும் உலகில் பெண்ணுக்கு மட்டும் ஏன் வேலி?

மிகைபுனைவு என்று நாம் சொல்லும் ஃபேன்டஸி இலக்கியத்தில் எழுத்தாளருக்கு ஒரு தனிச்சலுகை உண்டு. தாம் படைக்கும் உலகின் இயற்கை விதிகளையே அவர் வகுத்துக்கொள்ளலாம். அங்கே குளிர்காலம் பல ஆண்டுகள் நீடிக்கலாம், ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவர் அதை ஆளலாம், இறந்தவர்கள் எழுந்து நடக்கலாம். இவற்றுக்கெல்லாம் அவர் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை சுதந்திரம் இருந்தும், அரியணை மகனுக்கு, வாள் ஆணுக்கு, மந்திரக் கல்வி ஆணுக்கு என்ற விதிகள் மட்டும் கதைக்குக் கதை அப்படியே வந்து உட்கார்ந்துகொள்வது ஏன் என்று கேட்பதிலிருந்துதான் மிகைபுனைவில் பாலினம் குறித்த விவாதம் தொடங்குகிறது.

ஒருவர் பெண் உடலுடன் பிறந்தார் என்பதற்காக அவர் இப்படித்தான் நடக்க வேண்டும், இந்த வேலையைத்தான் செய்ய வேண்டும், இவ்வளவுக்குத்தான் ஆசைப்படலாம் என்று சமூகம் வகுத்து வைத்திருப்பதைத்தான் இங்கே பாலினம் என்கிறோம். ஆணுக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. யதார்த்தவாத நாவல் எழுதுபவர், தாம் எழுதும் காலத்துச் சமூகம் அப்படித்தான் இருந்தது என்று சொல்லித் தம் கதையின் சில கட்டுப்பாடுகளுக்கு நியாயம் தேடலாம். மிகைபுனைவு எழுதுபவருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய உலகில் பெண்ணுக்கு ஒரு வேலி இருந்தால், தெரிந்தோ தெரியாமலோ அந்த வேலியை நட்டவர் அவரேதான்.

இந்த வாதத்துக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் பதில், இக்கதைகள் ஐரோப்பிய இடைக்காலத்தின் சாயலில் எழுதப்பட்டவை, அந்தக் காலத்தில் பெண்களின் நிலை அதுதான் என்பதாகும். அந்த வரலாற்றை நெருங்கிப் பார்த்தால் இந்தப் பதில் அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. இங்கிலாந்தில் 1217ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரின்போது லிங்கன் கோட்டை முற்றுகையிடப்பட்டது. உதவிப்படை வந்து சேரும்வரை அதை எதிரியிடம் விடாமல் காத்தவர் நிக்கோலா டி லா ஹே என்ற பெண். அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மன்னர் ஜான் அவரை அந்தப் பகுதியின் ஷெரீஃபாக, அதாவது மன்னரின் நிர்வாக அதிகாரியாக, நியமித்திருந்தார். கணவரை இழந்தபின் எழுத்தையே தொழிலாகக் கொண்டு குடும்பத்தைக் காத்த, பிரான்சில் வாழ்ந்த கிறிஸ்டின் டி பிசான், பெண்களை இழித்துரைத்த ஆண் எழுத்தாளர்களுக்கு மறுப்பாக 1405ஆம் ஆண்டு ஒரு நூலையே எழுதினார். அக்காலத்துப் பெண்கள் சுதந்திரமாக இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டமும் திருச்சபையும் அவர்களை ஒடுக்கின என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஒடுக்குமுறைக்குள்ளும் அவர்கள் செய்த காரியங்களின் வகையும் அளவும், இடைக்காலத்தைச் சாக்காகச் சொல்லும் பல கதைகளில் இருப்பதைவிட மிகுதி. போர்க்களத்தில் பெண் நிற்பது இக்கால நாகரிகத்தின் திணிப்பு என்போருக்கும் ஒரு செய்தி உண்டு. சி.எல். மூர் என்ற பெண் எழுத்தாளர், ஜைரெல் என்ற வாளேந்திய நாயகியை 1934ஆம் ஆண்டிலேயே ஓர் அமெரிக்க இதழில் படைத்துவிட்டார்.

இங்கே புதிய வாசகர்கள் பெரும்பாலும் குழம்பும் ஓர் இடம் இருக்கிறது. பெண்களை ஒடுக்கும் உலகத்தைக் காட்டும் கதையெல்லாம் பெண்களை ஒடுக்கும் கதை ஆகிவிடாது. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் நூலிலிருந்து உருவாகி 2022ஆம் ஆண்டு ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரை எடுத்துக்கொள்வோம். அரசர் விசெரிஸ் தம் மகள் ரெனிராவை வாரிசாக அறிவித்து, பிரபுக்களைச் சத்தியம் செய்ய வைக்கிறார். அவர் இறந்ததும் இரண்டாம் மனைவியின் மகனுக்கு முடிசூட்டுகிறார்கள், போர் மூள்கிறது. இதற்கு வரலாற்றில் ஒரு முன்மாதிரி உண்டு. இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி 1127ஆம் ஆண்டு தம் மகள் மட்டில்டாவை வாரிசாக ஏற்கும்படி பிரபுக்களிடம் சத்தியம் வாங்கினார். 1135ஆம் ஆண்டு அவர் இறந்ததும் அவருடைய சகோதரியின் மகன் ஸ்டீபன் அரியணையில் ஏறிக்கொண்டார், நாடு பல ஆண்டுகள் உள்நாட்டுப் போரில் சீரழிந்தது. தொடரின் முதல் எபிசோடிலேயே பிரசவத்தில் துடிக்கும் அரசியின் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்க அரசர் சம்மதிக்கிறார். அரசியின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. அவர் இறந்துபோகிறார், ஆண் வாரிசு வேண்டும் என்ற ஆசைக்காகப் பிறந்த அந்தக் குழந்தையும் பிழைப்பதில்லை. ஆண் வாரிசு என்ற விதி இங்கே கதையின் பின்னணியாக ஒதுங்கி நிற்கவில்லை. அதுதான் கதையின் பொருள், அதன் விலை என்ன என்பதைத்தான் தொடர் கணக்குப் பார்க்கிறது. ஆகவே ஒரு கதையில் பெண்ணுக்கு எதிரான விதி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், கதை அந்த விதியைக் கவனித்திருக்கிறதா, அல்லது காற்றைப்போல் இயல்பானது என்று எண்ணிக் கடந்துபோகிறதா என்று பார்க்க வேண்டும்.

வாசகர்களிடம் சில எளிய அளவுகோல்கள் புழங்குகின்றன. அமெரிக்க ஓவியர் ஆலிசன் பெக்டெல் 1985ஆம் ஆண்டு தம் சித்திரக்கதையில் ஒரு பாத்திரத்தின் வாயிலாக முன்வைத்த விதி அவற்றுள் புகழ்பெற்றது. ஒரு படைப்பில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும், அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இல்லாமல் வேறெதையாவது பற்றியதாக இருக்க வேண்டும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்தச் சோதனையில் தோற்கும் படைப்புகள் ஏராளம். 1937ஆம் ஆண்டு வெளிவந்த டோல்கீனின் ‘ஹாபிட்’ நாவலில் ஒரு பெண் பாத்திரம்கூட வாய் திறந்து பேசுவதில்லை. இன்னொன்று, காமிக்ஸ் எழுத்தாளர் கெயில் சிமோன் 1999ஆம் ஆண்டு தொகுத்த பட்டியலிலிருந்து வந்தது. நாயகனுக்குக் கோபமும் பழிவாங்கும் வெறியும் ஏற்பட வேண்டும் என்பதற்காகவே கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பட்டியல் அது. ஒரு காமிக்ஸில் நாயகனின் காதலி கொல்லப்பட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குள் திணிக்கப்பட்டிருந்ததால் அந்தப் பட்டியலுக்குக் குளிர்பதனப் பெட்டியின் பெயரே நிலைத்துவிட்டது. இத்தகைய அளவுகோல்கள் ஒரு படைப்பு நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடாது. எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

உற்றுப் பார்க்கத் தகுந்த பாத்திரங்களில் ஒன்று, 1954-55இல் வெளிவந்த டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நூலில் வரும் எயோவின். நோயுற்ற அரசரான தன் மாமனைப் பார்த்துக்கொண்டு அரண்மனையிலேயே அடைந்து கிடக்கும் இளவரசி அவள். எதைக் கண்டு அஞ்சுகிறாய் என்று பின்னாளில் அரசனாகும் வீரன் அரகார்ன் கேட்கும்போது, கூண்டைக் கண்டு என்கிறாள். ஆண்கள் களத்தில் புகழோடு மாண்டபின், அவர்களுக்கு இனித் தேவைப்படாத வீட்டோடு சேர்ந்து எரிந்துபோகும் உரிமை மட்டும்தான் பெண்ணுக்கு மிச்சம் என்றும் அவனிடம் சொல்கிறாள். பின்னர் ஆண் வேடத்தில் போருக்குப் போகிறாள். எந்த ஆண்மகன் கையாலும் வீழமாட்டான் என்று முன்னறிவிக்கப்பட்ட பேயரசனை, ஹாபிட் என்ற குறுவடிவ இனத்தைச் சேர்ந்த மெர்ரியின் துணையோடு வெட்டி வீழ்த்துகிறாள். இது பலருக்குத் தெரிந்த காட்சி. நான் அதைவிட முக்கியமாகக் கருதும் பகுதி அதற்குப் பிறகு வருகிறது. காயமுற்றுக் கிடக்கும் அவள் படுக்கையருகே நின்று அவளுடைய அண்ணனிடம் காண்டால்ஃப் என்ற மந்திரவாதி பேசுகிறார். உனக்குக் குதிரைகளும் போர்களும் திறந்த வெளிகளும் இருந்தன, உனக்குச் சற்றும் குறையாத துணிவுள்ள இவளுக்கோ ஒரு முதியவருக்குப் பணிவிடை செய்வது மட்டுமே விதிக்கப்பட்டது என்ற பொருளில் அவர் பேசும்போது, தங்கையை அந்தக் கண்ணால் அதுவரை பார்த்தே அறியாத அண்ணன் வாயடைத்துப்போகிறான். பெண்களையே பெரும்பாலும் மறந்துவிட்டு எழுதப்பட்ட ஒரு காவியம், தன் மறதியைத் தானே அறிந்து சில வரிகள் நின்று பேசும் இடமாகவே இதைப் படிக்கிறேன்.

அதன் பிறகு எயோவின் வாளைத் துறந்து, மருத்துவம் செய்பவளாக வாழப்போவதாகச் சொல்லி ஃபராமிர் என்ற வீரனை மணக்கிறாள். நாயகியை மீண்டும் கூண்டுக்குள் தள்ளிவிட்டார்கள் என்று ஒரு சாரார் வருந்துகிறார்கள். முதல் உலகப் போரில், 1916ஆம் ஆண்டு சோம் போர்க்களத்தில் நின்றவரான டோல்கீனின் உலகில் குணப்படுத்தும் கைதான் உயர்ந்த கை, அரகார்னை அரசனென்று மக்கள் அறிந்துகொள்வதே அவன் நோய் தீர்க்கும் கைகளால்தான் என்று மறுசாரார் பதில் சொல்கிறார்கள். இரண்டாவது வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது. ஆனாலும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. எயோவின் ஒருத்திக்கு வழி பிறந்ததே தவிர, அவளைப்போல் அரண்மனைகளில் அடைந்திருந்த மற்றப் பெண்களுக்கான விதி அப்படியே இருந்துவிட்டது. விதிவிலக்காக ஒரு பெண்ணை உயர்த்திவிட்டு விதியைத் தொடாமல் விடுவது மிகைபுனைவில் மிகப் பரவலான வழக்கம். கையில் வாளைக் கொடுத்துவிட்டால் அவள் ‘வலிமையான பெண் பாத்திரம்’ ஆகிவிடுவாள் என்ற எண்ணமும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

எழுத்திலிருந்து திரைக்கு வரும்போது இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. மார்ட்டின் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவலின் அத்தியாயங்கள் ஒவ்வொன்றும் ஒரு பாத்திரத்தின் பெயரைத் தலைப்பாகக் கொண்டு, அந்தப் பாத்திரத்தின் மனத்துக்குள்ளிருந்தே சொல்லப்படுகின்றன. முன்னுரைப் பகுதியை விட்டுவிட்டால் மொத்தம் எட்டுப் பேர். அவர்களில் கேட்லின், டெனேரிஸ், ஆர்யா, சான்ஸா என்ற நால்வர் பெண்கள். அதாவது அந்தக் கொடிய உலகத்தை வாசகருக்குக் காட்டும் கண்களில் சரிபாதி பெண்களுடையவை. அந்த நாவல் வரிசையிலிருந்து உருவாகி 2011 முதல் 2019 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரில் இந்த அகக்குரல் இல்லை, கேமராதான் இருக்கிறது. மனத்துக்குள்ளிருந்து பார்த்த வாசகர் இப்போது வெளியே நின்று உடலைப் பார்க்கிறார். திரைப்படத்தின் பார்வை பெரும்பாலும் ஆணின் பார்வையாகவே அமைந்துவிடுகிறது என்று திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை இன்றுவரை மேற்கோள் காட்டப்படுவதற்குக் காரணம், இப்படிப்பட்ட இடங்களில் அவர் சொன்னது கண்கூடாகத் தெரிவதுதான். தொடரின் தொடக்க சீசன்களில் ஓர் ஆண் தன் கடந்தகாலத்தையோ அரசியல் சூழ்ச்சியையோ விளக்கிப் பேசும்போது பின்னணியில் ஆடையற்ற பெண்களை நிறுத்திவைத்தார்கள். மொத்தமுள்ள 73 எபிசோடுகளில் நான்கை மட்டுமே ஒரு பெண், மிஷெல் மெக்லாரன், இயக்கினார்.

அந்தத் தொடரில் நான் மிகவும் எண்ணிப் பார்த்த காட்சி 2015ஆம் ஆண்டின் ஐந்தாம் சீசனில் வருகிறது. பிரபு குலத்துப் பெண்ணான சான்ஸாவை ராம்சே போல்டன் என்ற கொடியவனுக்கு மணம் முடிக்கிறார்கள், அன்றிரவே அவள் வன்புணர்வுக்கு ஆளாகிறாள். நாவல் வரிசையில் இந்தக் கொடுமை சான்ஸாவுக்கு நேர்வதில்லை. சான்ஸாவின் தங்கை ஆர்யா என்று பொய்யாக அறிமுகப்படுத்தப்படும் ஜேன் பூல் என்ற வேறொரு பெண்ணுக்கு நேர்கிறது. தொடரை உருவாக்கியவர்கள் அதைச் சான்ஸாவுக்கு மாற்றினார்கள். மாற்றியதோடு, காட்சியின் முடிவில் கேமராவை அவளிடமிருந்து திருப்பி, கட்டாயப்படுத்தி அங்கே நிறுத்தப்பட்டிருந்த தியோன் என்ற இளைஞனின் கலங்கும் முகத்தில் நிலைக்கவிட்டார்கள். வன்முறையை வெளிப்படையாகக் காட்டாமல் தவிர்த்தது நல்லதுதானே என்று கேட்கலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அப்போது சான்ஸாவின் துயரம் யாருடைய கதையாகிறது? அவளுக்கு நேர்ந்தது தியோனின் மனமாற்றத்துக்கான படிக்கட்டாகிவிடுகிறது. கெயில் சிமோன் தொகுத்த பட்டியல் சுட்டிய நோய் இதுவே. அமெரிக்காவில் ஒரு செனட்டரே இனி இந்தத் தொடரைப் பார்க்கப்போவதில்லை என்று பகிரங்கமாக அறிவிக்கும் அளவுக்கு அந்தக் காட்சி எதிர்ப்பைக் கிளப்பியது.

2019ஆம் ஆண்டின் கடைசி சீசனில் சான்ஸாவின் வாயாலேயே ஒரு வசனம் வருகிறது. தனக்கு இந்தக் கொடுமைகளெல்லாம் நேராமல் இருந்திருந்தால் தான் என்றும் ஒரு சிறு பறவையாகவே இருந்திருப்பேன் என்கிறாள். என்னால் ஏற்க முடியாத வசனம் இது. சான்ஸா வளர்ந்தது எப்படி என்பதற்குக் கதையிலேயே வேறு சான்றுகள் இருக்கின்றன. அரசவையில் பணிவான பேச்சையே கவசமாக அணிந்துகொள்ளக் கற்றாள், அரசி செர்சியையும் சூழ்ச்சிக்காரர் பேலிஷையும் கூர்ந்து கவனித்து அதிகாரம் எப்படி நகர்கிறது என்று கற்றாள். பல ஆண்டுகள் பொறுமையாகக் காட்டப்பட்ட அந்தக் கல்வியை ஒதுக்கிவிட்டு, வன்முறைதான் அவளை அரசியாக வார்த்தது என்று சொல்வது அந்தப் பாத்திரத்துக்குச் செய்த அநீதி. துன்புறுத்தப்படாத பெண்ணுக்கு மனவுறுதி வராது என்ற எண்ணம் மிகைபுனைவில் மிகவும் பழையது. நாயகர்களுக்கு இந்த நிபந்தனை வைக்கப்படுவதில்லை.

தாம் நட்ட வேலியைத் தாமே திரும்பிப் பார்த்த எழுத்தாளர் யாராவது உண்டா என்று கேட்டால், அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவின் என்பதே என் பதில். அவருடைய ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ 1968ஆம் ஆண்டு வெளிவந்தது. எர்த்சீ என்ற கற்பனைத் தீவுலகில் ஆடு மேய்க்கும் சிறுவனாகத் தொடங்கி மாமந்திரவாதியாகும் கெட் என்பவனின் கதை அது. தாயை இழந்த அவனுக்கு முதல் மந்திரச் சொல்லைத் தருபவள் அவனுடைய பெரியம்மா முறையிலான ஒரு கிராமத்துச் சூனியக்காரி. வீட்டுக் கூரை மேல் ஏறிக்கொண்ட ஆட்டைக் கீழே இறக்க அவள் சொன்ன பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் அவன் மறுநாள் மேய்ச்சலில் அதைச் சொல்லிப் பார்க்கிறான், ஆடுகளெல்லாம் அவனைச் சூழ்ந்துகொள்கின்றன. அவனுடைய முதல் ஆசிரியை ஒரு பெண் என்றிருந்தும், நூல் அவளை அறியாமை மிக்கவள் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. பெண்ணின் மந்திரம் பலவீனமானது, பெண்ணின் மந்திரம் தீயது என்ற இரண்டு பழமொழிகள் அவன் பிறந்த தீவில் வழங்குவதாகவும் சொல்கிறது. ரோக் தீவிலுள்ள மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. ஏன் என்று யாரும் கேட்பதில்லை, ஆசிரியரும் அப்போது கேட்கவில்லை.

1971ஆம் ஆண்டு வந்த இரண்டாம் நூலான ‘த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ ஒரு சிறுமியை மையத்துக்குக் கொண்டுவருகிறது. டெனார் என்ற அந்தச் சிறுமியைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, பெயரைப் பறித்து, நிலத்தடி இருளில் உறையும் தெய்வங்களின் பூசாரியாக்குகிறார்கள். அவளுடைய அதிகாரம் பெரிது, ஆனால் அந்த இருட்டுக்கு வெளியே அதற்கு மதிப்பில்லை. திருட வந்த கெட்டைச் சிறைப்பிடிக்கும் அவளே இறுதியில் அவனை விடுவித்துத் தானும் விடுதலை பெறுகிறாள். அதிகாரம் தரப்பட்ட பெண்ணும் அடிமையாக இருக்க முடியும் என்பதை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய மிகைபுனைவு அதற்கு முன் அரிது.

பின்னர் 1990ஆம் ஆண்டு, அதே உலகத்துக்குத் திரும்பி வந்து அவர் எழுதிய நாவல் ‘தெஹானு’. டெனார் இப்போது நடுவயதுப் பெண், விவசாயி ஒருவரின் விதவை, இரண்டு பிள்ளைகளின் தாய். பெற்றவர்களாலேயே கொடுமைப்படுத்தப்பட்டு நெருப்பில் தள்ளப்பட்ட ஒரு சிறுமியை அவள் எடுத்து வளர்க்கிறாள். கெட் தன் மந்திர ஆற்றல் முழுவதையும் இழந்து அவளிடம் வந்து சேர்கிறான். முந்தைய நூல்களில் கடலும் போரும் பெற்றிருந்த இடத்தை இதில் ஆடு மேய்ப்பதும் நூல் நூற்பதும் காயத்துக்கு மருந்திடுவதும் பெறுகின்றன. வீட்டுக்குத் திரும்பும் மகன் பண்ணைக்கு உரிமை கொண்டாடுகிறான், சட்டம் அவன் பக்கம். சாகசம் எங்கே என்று ஏமாந்த வாசகர்கள் பலர் உண்டு. எனக்கோ எர்த்சீ நூல்களில் மிகவும் துணிச்சலானது இதுவே. ஆற்றல் என்றால் ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன, அதை இழந்த ஆண் எதை வைத்துத் தன்னை ஆண் என்று எண்ணிக்கொள்வான் என்ற கேள்விகளை, உட்கார்ந்து பேசும் இரண்டு பெண்களின் உரையாடலில் வைத்துக் கேட்க அவரால் முடிந்தது. பாலினம் பெண்களைப் பற்றிய பேச்சு மட்டும் என்று எண்ணுபவர்கள், மந்திரமிழந்த கெட் வெட்கத்தால் ஒளிந்துகொள்ளும் பக்கங்களைப் படித்துப் பார்க்கலாம்.

2001ஆம் ஆண்டு வெளிவந்த ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ’ தொகுப்பில் அவர் இன்னும் ஒரு படி போனார். அதிலுள்ள முதல் கதை, ரோக் பள்ளி எப்படித் தோன்றியது என்பதைச் சொல்கிறது. பள்ளியை நிறுவியவர்களில் பெண்களும் இருந்தார்கள், பிற்காலத்தில்தான் அவர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது என்று தெரிய வருகிறது. 1968இல் எழுதியதை அவர் அழிக்கவில்லை, திருத்தவும் இல்லை. இயற்கை விதிபோல் நின்றிருந்த ஒன்றுக்கு ஒரு வரலாற்றைக் கொடுத்தார். பெண்ணின் மந்திரம் பலவீனமானது என்ற பழமொழியை மீண்டும் படிக்கும் வாசகருக்கு அது இப்போது அந்த உலகத்தைப் பற்றிய உண்மையாகத் தெரிவதில்லை, கதவை அடைத்தவர்கள் பரப்பிய பேச்சாகத் தெரிகிறது.

அவருக்குப் பின் வந்தவர்களில் என்.கே. ஜெமிசினை இங்கே குறிப்பிட வேண்டும். 2015ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய ‘த ஃபிஃப்த் சீசன்’ நாவலின் நாயகி எசுன், மகனைப் பறிகொடுத்து, மகளைத் தேடிப் புறப்படும் நடுவயதுத் தாய். நிலநடுக்கத்தையே அடக்கும் ஆற்றல் அவளுக்கு உண்டு. அந்த உலகம் அவளை ஒடுக்குவது அவள் பெண் என்பதால் அல்ல, அந்த ஆற்றல் இருப்பதால். அந்நாவலும் அதன் இரண்டு தொடர்ச்சிகளும் 2016 முதல் 2018 வரை மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து, அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் வழங்கப்படும் ஹியூகோ விருது பெற்றன. ஒடுக்குமுறையை எழுத வேண்டும் என்றால் நமக்குப் பழக்கமான அதே வேலியைத்தான் நட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை என்பதற்கு இந்த மூன்று நூல்களைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இந்த விஷயத்தில் ஆர்வம் பிறந்து எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, ‘த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்’ நாவலை முதலில் படிக்கும்படி சொல்வேன். அது சிறியது, முதல் நூலைப் படிக்காதவருக்கும் தடையின்றிப் புரியும். அதை முடித்ததும் முதல் நூலையும் ‘தெஹானு’வையும் அடுத்தடுத்துப் படித்து, கெட்டின் பெரியம்மா முதல் நூலில் எத்தனை பக்கங்கள் வருகிறாள், அவளைப்போன்ற மாஸ் என்ற கிராமத்துச் சூனியக்காரிக்கு ‘தெஹானு’வில் எவ்வளவு பேச இடம் கிடைக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.